‘அவர்கள் வினை’ என்று அகலற்க



நம் இல்லங்களில் அடிக்கடி வழங்கும் சொல் ஒன்று உண்டு. அயல் வீட்டில் ஒருவர் தீரா நோயுற்றாலும், உறவினர் இல்லத்தில் உடற்குறையோடு ஒரு குழந்தை பிறந்தாலும், ‘என்ன செய்வது, அது அவர்கள் வினை’ என்கின்றோம். சொல்லிற் பிழையில்லை. வினைக் கொள்கையை நீக்கிவிட்டால் சமணம் என்பதே இல்லை. ஆயினும், அச்சொல்லைச் சொல்லி முடித்தபின் நம் கால்கள் எத்திசையில் நடக்கின்றன என்பதையே இன்று நாம் ஆராய வேண்டும். துயருற்ற வீட்டை நோக்கி நடக்கின்றனவா, அன்றி நம் வீட்டை நோக்கித் திரும்பி விடுகின்றனவா?

யாம் செய்த பிழை

பிறர்க்கு அறம் உரைக்குமுன் தம் பிழையை உரைத்தல் நம் சமய மரபு. பிரதிக்கிரமணம் என்று நாள்தோறும் நாம் செய்வதும் அதுவே. ஆதலின் எம் பிழையை முதலிற் கூறுகின்றோம்.

1978ஆம் ஆண்டில் வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் யாம் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகப் பணியாற்றினோம். நம் சமயக் குடும்பத்துப் பிள்ளையொருவன் அவ்வகுப்பில் இருந்தான். வயது எட்டு. மனக்கணக்கில் அவனை வெல்வார் இல்லை. காலை இறைவணக்கத்திற்கு மணியடித்தால் ஏனைய பிள்ளைகள் துள்ளி எழுவர். இவனோ முதலில் இரு கைகளையும் தரையில் ஊன்றுவான். பின்னர் முழங்காலில் ஊன்றுவான். அதன்பின் தொடையில் ஊன்றி, தன் உடல்மீது தானே ஏறுவது போல மெல்ல நிமிர்வான். கெண்டைக்கால்கள் பருத்துத் திரண்டிருந்தமையால், வலுவுள்ள பிள்ளை என்றே யாம் கருதினோம். கிழவரைப் போல் நடித்து வகுப்பைச் சிரிக்க வைக்கின்றான் என்று முடிவு கட்டினோம். ஒருநாள் அவனை வரிசைக்கு முன்னே நிறுத்தி, பத்து முறை உட்கார்ந்து எழுமாறு கட்டளையிட்டோம். நான்காம் முறை அவனால் எழ இயலவில்லை. பிள்ளைகள் சிரித்தனர். அவன் அழவில்லை. எம்மை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவே.

அடுத்த ஆண்டு யாம் வேற்றூருக்கு மாற்றப் பெற்றோம். அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்று பின்னர்க் கேள்வியுற்றோம். படிப்பில் நாட்டம் இல்லை போலும் என்று எண்ணி மறந்தோம். இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தன. உடற்குறையுள்ள பிள்ளைகளை ஏனைய பிள்ளைகளோடு சேர்த்துக் கற்பிப்பது பற்றி நிகழ்ந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றில் சில படங்களைக் காட்டினர். அவற்றுள் ஒன்றில் ஒரு சிறுவன் தரையில் கையூன்றி, முழங்காலில் கையூன்றி, தொடையில் கையூன்றி எழுந்து கொண்டிருந்தான். அந்நோய்க்கு டுஷேன் தசைச்சிதைவு என்று பெயர் கூறினர். அன்று உணவு இடைவேளையில் எம்மால் ஒரு கவளமும் உண்ண இயலவில்லை.

அந்த ஊருக்குச் சென்று அவன் அன்னையைக் கண்டோம். மகன் பத்தொன்பதாம் வயதில் மறைந்துவிட்டான் என்றார். யாம் எம் பிழையைச் சொல்லி அழுதபோது அவர் எம்மைத் தேற்றினார். “உங்களுக்குத் தெரியாது, நீங்க என்ன செய்வீங்க டீச்சரம்மா? அவனைத் தூக்கி வளர்த்தது எனக்குப் பாரமாவே தெரியலை. ‘என்ன பாவம் செஞ்சாளோ’ன்னு என் காதுபடப் பேசினாங்களே, அதுதான் பாரம். பத்து வருசமா நல்லது கெட்டதுக்கு எங்களைக் கூப்பிட்டவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். வந்தா பிள்ளையையும் தூக்கிட்டு வருவாளேன்னு நெனச்சாங்க போல.”

நோய் வினையால் வந்தது. அந்த வீட்டின் தனிமை நம்மால் வந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக் கொள்ளாதிருத்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நோயின் இயல்பு

நூலறிவின்றி இரக்கம் மட்டும் கொண்டால் அது வழி தவறும். ஆதலின் இந்நோயின் இயல்பை எளிய முறையில் அறிந்து கொள்வோம். பிரெஞ்சு நாட்டு மருத்துவர் டுஷேன் 1860களில் இதனை விரிவாக எழுதியமையால் இஃது அவர் பெயரால் வழங்குகின்றது. யாம் கண்டும் அறியாது போன அந்த எழும் முறையை ஆங்கில மருத்துவர் கவர்ஸ் 1879இலேயே விளக்கியிருக்கின்றார்.

நம் தசையணுக்கள் சுருங்கி விரியும்போது கிழிந்து விடாமல் காப்பது டிஸ்ட்ரோபின் என்னும் புரதம். அதனை உண்டாக்கும் மரபணு எக்ஸ் என்னும் குரோமோசோமில் உள்ளது. அம்மரபணு பழுதுபட்டால் தசைகள் சிறிது சிறிதாக அழிகின்றன. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்றே. இரண்டு விளக்குள்ள வீட்டில் ஒன்று அணைந்தாலும் மற்றொன்று ஒளி தரும். ஒரே விளக்குள்ள வீட்டில் அது அணைந்தால் இருளே. அதனால்தான் இந்நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே பற்றுகின்றது. ஏறத்தாழ 5000 ஆண் குழந்தைகளுள் ஒருவருக்கு இது நேர்கின்றது. பழுதைத் தாங்கிய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதி. ஒவ்வொரு மகளும் அப்பழுதைத் தாங்கும் வாய்ப்பும் பாதி.

இவ்விடத்தில் நம் தாய்மார்கள் ஒன்றை உற்று நோக்க வேண்டும். இந்நோயுற்ற பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் தாயிடத்தில் அப்பழுது இருப்பதேயில்லை. கருவுருவாகும் வேளையில் அது புதிதாக நேர்கின்றது. எஞ்சிய தாய்மாரும் அதனைத் தாம் அறிந்து சுமந்தவர் அல்லர். அவர் உண்ட உணவோ, நோற்காத நோன்போ, கருவுற்றபோது கண்ட கிரகணமோ இதற்குக் காரணம் அன்று. ‘சொந்தத்தில் கொடுத்து வாங்கியதால் வந்தது’ என்பதும் இந்நோயைப் பொறுத்தவரை தவறு.

மூன்று முதல் ஐந்து வயதிற்குள் அறிகுறிகள் தோன்றும். தாமதமாக நடத்தல், அடிக்கடி விழுதல், படியேற இயலாமை, நுனிக்காலில் நடத்தல், கெண்டைக்கால் பருத்தல் ஆகியவை அவை. கிரியேட்டின் கைனேஸ் என்னும் எளிய குருதிச் சோதனை முதற் குறிப்பைத் தரும். மரபணுச் சோதனை உறுதி செய்யும். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதிற்குள் நடக்கும் ஆற்றல் போய்விடுகின்றது. பின்னர் மூச்சும் இதயமும் நலியும். முற்காலத்தில் இருபது வயதைத் தாண்டுவோர் அரியர். இன்று ஸ்டீராய்டு மருந்து, இயன்முறைப் பயிற்சி, ஆண்டுதோறும் இதயச் சோதனை, இரவில் மூச்சுக்குத் துணை செய்யும் கருவி ஆகியவற்றால் முப்பது வயதைக் காண்போர் பலராகி விட்டனர். முற்றும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே, ‘குணமாக்கித் தருவோம்’ என்று கூறிப் பெருந்தொகை கேட்போரிடம் எந்தக் குடும்பமும் ஏமாறாதிருக்கட்டும்.

வினை நூல் கூறுவது

உடலின் அமைப்பை நாமகர்மம் வகுக்கின்றது. உடல் நுகரும் இன்ப துன்பத்தை வேதனீயம் தருகின்றது. இது நாம் இளமையிலேயே கற்ற பாடம். மருத்துவர் கூறும் மரபணுவும் நம் நூல் கூறும் வினையும் தம்முள் மாறுபட்டன அல்ல. விதை முளைக்க நிலமும் நீரும் வேண்டியவாறு, வினை பயன்தரப் புறத்தே ஒரு நிமித்தம் வேண்டும். மருத்துவர் நிமித்தத்தை ஆராய்கின்றார். பல கோணங்களில் ஒரு பொருளைக் காணும் அநேகாந்தம் பயின்ற நமக்கு இதில் மயக்கம் வேண்டுவதில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகின்றோம். ஒருவர்க்கு நேர்ந்த துன்பம் எப்பிறவியில், எச்செயலால், எவ்வளவு ஈட்டியது என்பதை அறிபவர் முற்றறிவு பெற்ற கேவலி ஒருவரே. அவதிஞானமும் மனப்பரியயமும் இல்லாத நாம், அடுத்த வீட்டுத் தாயைப் பார்த்து ‘இவள் இன்ன பாவம் செய்தாள்’ என்று தீர்ப்பளிப்பது எவ்வகை அறிவு? மேலும் பிள்ளையின் வினை பிள்ளையின் உயிரைப் பற்றியது. ஓருயிரின் வினையை மற்றோருயிர் ஏற்பதில்லை என்பது நம் கொள்கையின் அடிப்படை. அவ்வாறிருக்க, மகனின் நோய்க்குத் தாயைப் பழிப்பது சமணமே ஆகாது.

இனி, அசாதா வேதனீயம் எவ்வாறு ஈட்டப்படுகின்றது என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை நினைவு கூர்வோம். பிறரைத் துன்புறுத்துதல், வருந்தச் செய்தல், புலம்பி அழச் செய்தல் ஆகியவற்றால் அவ்வினை ஈட்டப்படும் என்கின்றது அந்நூல். உயிர்களிடத்து இரக்கம் கொள்வதாலும் ஈவதாலும் சாதா வேதனீயம் கிட்டும் என்கின்றது. பிறரைப் பழித்துத் தம்மைப் புகழ்வது நீச கோத்திரத்திற்கு ஏதுவாகும் என்றும் உரைக்கின்றது. இவற்றை இணைத்துப் பாருங்கள். நோயுற்ற பிள்ளையின் தாயை நோக்கி ‘உன் வினை’ என்று கூறி அவரை அழவைப்பவர், எவ்வினையைச் சுட்டிக் காட்டுகின்றாரோ அவ்வினையையே அக்கணத்தில் தமக்கு ஈட்டிக் கொள்கின்றார்! அந்த இல்லத்தார் தம் பழவினையைப் பொறுமையோடு துய்த்து உதிர்க்கின்றனர். வாயிலில் நின்று பழிக்கும் நாமோ புதுவினையைச் சுமந்து வீடு திரும்புகின்றோம்.

வினைக் கொள்கை நம்மை நாமே பார்த்துக் கொள்வதற்குத் தரப்பட்ட கண்ணாடி. அதனைப் பிறர் முகத்திற்கு நேரே பிடிக்கலாகாது.

உத்தாயன மன்னன்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவதாகிய உவர்ப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக நம் முன்னோர் கூறும் கதை உத்தாயன மன்னனுடையது. அவனுடைய நற்காட்சியைச் சோதிக்க விரும்பிய தேவன் ஒருவன், தொழுநோயால் உடல் அழுகிய முனிவர் வடிவில் அரண்மனை வாயிலில் வந்து நின்றான். நாற்றம் பொறாது ஏவலர் விலகினர். மன்னனும் தேவி பிரபாவதியும் எதிர்கொண்டு அழைத்து ஆகாரம் அளித்தனர். உண்ட முனிவர் அவர்கள் மீதே வாந்தி எடுத்தார். அப்போது மன்னன் கூறியது யாது? ‘இவர் எத்துணைத் தீவினை செய்தாரோ’ என்று அவன் எண்ணவில்லை. ‘இவர் உடலுக்கு ஒவ்வாத உணவை அளித்துவிட்டேனே, என் பிழையன்றோ’ என்று வருந்தித் தன் கையாலேயே அவர் உடலைக் கழுவினான்.

கதையின் நுட்பம் இவ்விடத்திலேயே உள்ளது. பிறர் நோயைக் கண்டபோது, அவர் பிழை எது என்று தேடாது, தன் தொண்டிற் குறை எது என்று தேடினான் அம்மன்னன். நோயுற்ற தவத்தோர்க்குச் செய்யும் பணிவிடையாகிய வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக நம் நூல்கள் வைத்திருக்கின்றன. முனிவர்க்குச் செய்யும் அப்பணியை இல்லறத்தார் தம் சாதர்மிகர்க்கும் விரித்துக் கொள்வதில் தடை யாது?

நான்கு தானங்கள்

உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நான்கு தானங்களும் நாம் அறிந்தவையே. அவற்றை இத்தகைய இல்லங்களுக்கு எவ்வாறு செய்வது என்று பார்ப்போம்.

முதலாவது உணவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் படுக்கையிலிருந்து குளியலறைக்கும், குளியலறையிலிருந்து நாற்காலிக்கும் நாளொன்றுக்குப் பன்முறை தூக்கும் தாய்க்கு முதுகு எலும்பு தேய்ந்துவிடுகின்றது. அவர் வீட்டிற்கு வாரம் இருநாள் பொழுது சாய்வதற்குள் சமைத்த உணவு சென்றால், அவர் அந்நேரம் சிறிது படுத்திருப்பார். உறவினர் இருவர் முறை வைத்துக் கொண்டு காலையும் மாலையும் பிள்ளையைத் தூக்கிவிடச் சென்றால் அது உணவினும் சிறந்த தானமாகும். ‘ஏதேனும் வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்று கூறிச் செல்வது போதாது. துன்பத்தில் இருப்பவர் கேட்க மாட்டார். நாள் குறித்து, கிழமை குறித்துச் சென்று நிற்க வேண்டும்.

இரண்டாவது மருந்து. நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி, துணைக்கு ஓர் ஆள், பயணச் செலவு ஆகியன இதில் அடங்கும். இதனோடு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டியுள்ளது. தசலட்சண பர்வம் போன்ற நோன்பு நாட்களில் சிலர் மருந்தையும் நிறுத்திவிடுகின்றனர். நெடுநாள் ஸ்டீராய்டு உண்ணும் பிள்ளை அதனைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம். உடல் வலிமைக்கு ஏற்பவே தவம் என்பது நம் ஆசாரியர்களின் ஆணை. நோன்பு நோற்க இயலாத பிள்ளை காலையில் உண்டு, மருந்தை உட்கொண்டு, பஞ்ச நமஸ்காரத்தை மனத்தில் ஓதினால் அதுவே அவனுக்குரிய நோன்பாகும். பிள்ளையின் தாய்க்கும் இதயச் சோதனை செய்தல் நன்று. பழுதைத் தாங்கிய மகளிர் சிலர்க்கு இதயத் தசை நலிவதுண்டு.

மூன்றாவது கல்வி. இந்நோயுற்ற பிள்ளைகளுட் சிலர்க்குக் கற்றலில் இடர்ப்பாடு உண்டு. பெரும்பாலோர்க்கு அறிவு தெளிவாகவே உள்ளது. கால் நடவாமையால் கல்வியும் நின்றுவிட வேண்டுமா? நம்முள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கின்றோம்! வாரம் மூன்று நாள் ஒருவர் சென்றாலும் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதிவிடுவான். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுவோரும் கூடுதல் நேரமும் பெறும் உரிமை அவனுக்கு உண்டு. சுவடிகளைக் காத்தும் நூல்களை எழுதுவித்தும் சாத்திர தானம் செய்த மரபில் வந்த நாம், ஒரு பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுக்கத் தயங்கலாமா?

நான்காவது அபயம். அச்சம் நீக்குதலே அபயம். இவ்வில்லத்தார்க்கு உள்ள பேரச்சம், ‘நாம் வந்தால் பிறர் முகம் சுளிப்பரோ’ என்பது. திருமணத்திற்கும் பூசைக்கும் அழைப்பிதழைக் கொடுக்கும்போது பிள்ளையின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். ஆலயத்தில் படிகளின் அருகே சக்கர நாற்காலி செல்லும்படி ஒரு சாய்தளம் அமையுங்கள். அபிஷேகம் தெரியும் இடத்தில் அவனை அமர்த்துங்கள். அவன் முன்னிலையில் ‘ஐயோ பாவம்’ என்னாது, அவனிடமே நேராகப் பேசுங்கள். நம் சமயத்தில் அறப்பழி நீக்கல் என்றோர் அங்கம் உண்டு. அறநெறியாளர்பால் நேர்ந்த குறையைத் தூற்றாது காத்தலே அதன் பொருள். அதனைத் தவறாகக் கொண்டு, நோயுற்ற பிள்ளையை உள்ளறையில் மறைப்பாரும் உளர். நோய் குற்றம் அன்று. குற்றம் அல்லாத ஒன்றை மறைக்க வேண்டுவதில்லை.

அவையில் உரைத்தல்

தானம் செய்தால் மட்டும் கடமை முடிந்துவிடுமா? அன்புடைமை என்னும் வாத்சல்ய அங்கத்திற்கு எடுத்துக்காட்டானவர் விஷ்ணுகுமார முனிவர். அத்தினாபுரத்தில் அகம்பனாசாரியர் முதலான எழுநூறு முனிவர்களைப் பலி என்பவன் நெருப்பும் புகையும் சூழ வருத்தியபோது, விஷ்ணுகுமாரர் தம் தவத்தை இடைநிறுத்தி, குறள் வடிவில் அரசவை சென்று மூவடி மண் கேட்டு, அவர்களை விடுவித்தார். பின்னர்ப் பிராயச்சித்தம் ஏற்று மீண்டும் தவம் புகுந்தார். துன்புறுவோர்க்காக ஆள்வோர் முன் சென்று கேட்பதும் அறமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்காலத்தில் அவ்வாறு கேட்டவர்கள் பெரும்பாலும் நோயுற்றோரும் அவர்தம் பெற்றோருமே ஆவர். அமெரிக்காவில் இந்நோய்க்கு இரு மைந்தரைப் பறிகொடுத்த பாட் ஃபர்லாங் என்னும் தாய், ஏனைய பெற்றோருடன் 1994இல் அமைப்பு ஒன்றை நிறுவினார். அத்தகையோர் முயற்சியால் 2001இல் அந்நாட்டில் தசைச்சிதைவு ஆராய்ச்சிக்கெனத் தனிச் சட்டமே வந்தது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்துச் சோலன் நகரில் 1992இல் இந்தியத் தசைச்சிதைவுச் சங்கம் தோன்றியது. தமிழகத்தில், தசைச்சிதைவால் வலுவிழந்த சகோதரியரான வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும் சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையைத் தோற்றுவித்துத் தம்மை ஒத்தோர்க்கு உதவினர். எழுந்து நிற்க இயலாதோர் பிறரை நிமிர்த்தினர். நடக்கும் கால்களை உடைய நாம் என் செய்தோம்?

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றன. தசைச்சிதைவு அதில் பெயர் சுட்டப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறுகின்றது. தசைச்சிதைவும், தலசீமியா, ஹீமோபிலியா முதலிய பிற மரபுவழி நோய்களும் அவற்றுள் அடங்கும். நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையையும், உயர்கல்வியில் ஐந்து விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களையும் அச்சட்டம் அளிக்கின்றது. தமிழக அரசு தசைச்சிதைவு நோயாளர்க்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை தருகின்றது. மின்கலத்தால் இயங்கும் சக்கர நாற்காலியும் வழங்குகின்றது. இவற்றைப் பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் பெறுதல் வேண்டும்.

ஆனால், பிள்ளையைத் தனியே விட்டு அகல முடியாத தாய் அலுவலகத்திற்கு எத்தனை முறை நடப்பார்? ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் எழுதப் படிக்க வல்லார் இருவர் இப்பொறுப்பை ஏற்கட்டும். விண்ணப்பம் எழுதுதல், உடன் செல்லுதல், கிடைக்கும்வரை மீண்டும் மீண்டும் கேட்டல் ஆகிய மூன்றுமே விஷ்ணுகுமாரர் கேட்ட மூவடி என்று கொள்வோம்.

உறவும் மணமும்

இவ்வில்லங்களில் பிறந்த பெண்களைக் கேட்டு வருவோர் இல்லை என்னும் துயரையும் தீர்க்க வேண்டும். தாய் பழுதைத் தாங்கியவராயினும் மகள் தாங்கியிருக்கும் வாய்ப்பு பாதியே. பிள்ளையின் மரபணுச் சோதனை முடிவைக் கொண்டு, உரிய வயதில் சகோதரியும் விரும்பினால் சோதித்துக் கொள்ளலாம். அம்முடிவு அவளுக்கும் அவள் குடும்பத்திற்கும் உரியது. ஊராரின் பேச்சுக்கு உரியதன்று. அறியாமலே ஒரு குடும்பம் முழுவதையும் ஒதுக்குவது அறிவும் அன்று, அறமும் அன்று.

அதே வேளையில் சிறிய சமூகமாகிய நாம் மற்றொன்றையும் மறைத்தலாகாது. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். டுஷேன் நோய் அதனால் வருவதன்று எனினும், வேறு பல மரபுவழி நோய்கள் பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால் தோன்றுவன. அத்தகையோர்க்கு ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவினரிடத்தில் அவ்வாறு ஒரே பழுது அமைவது எளிது. ஆகவே உறவிற் பெண் கொடுக்குமுன் மரபியல் ஆலோசனை பெறுவதை ஒரு நியமமாகக் கொள்ளலாம். கருவுற்றபின் அறிந்து கலங்குவதினும் மணத்திற்கு முன்பே அறிந்து தெளிவது அகிம்சைக்கு அணித்தான வழியாகும்.

மன்னிப்பு வேண்டுவோம்

உலகெங்கும் செப்டம்பர் 7ஆம் நாளை டுஷேன் நோய் விழிப்புணர்வு நாளாகக் கொள்கின்றனர். அம்மரபணுவில் 79 பகுதிகள் உள்ளமையால் ஒன்பதாம் மாதத்து ஏழாம் நாளைத் தேர்ந்தனர் என்பர். நம் தசலட்சண பர்வமும் ஏறத்தாழ அதே பருவத்தில் வருகின்றது. அதன் முடிவில் ஒருவரையொருவர் கண்டு, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்பு வேண்டுகின்றோம். பெரும்பாலும் நமக்கு வேண்டியவர்களிடமே அதனை வேண்டுகின்றோம். அவர்களும் புன்னகையோடு மன்னித்து விடுகின்றனர்.

இவ்வாண்டு முதற்கண் வேறொரு வாயிலுக்குச் செல்வோம். நம் ஊரில், நம் உறவில், நாம் நெடுநாள் மிதிக்காத வாயில் ஒன்று இருக்கும். அங்கே நடவாத பிள்ளையோ, பேசாத பிள்ளையோ, ஓயாது உழைத்துத் தளர்ந்த தாயோ இருப்பார். அங்குச் சென்று, ‘இத்தனை நாள் வாராமைக்குப் பொறுத்தருள்க’ என்று கேட்போம். கேட்டபின், அடுத்த வாரம் எந்தக் கிழமை மீண்டும் வருவோம் என்பதையும் சொல்லிவிட்டு வருவோம்.

எமக்கு அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் பேறு வாய்க்கவில்லை. யாம் சென்றபோது காலம் கடந்துவிட்டது. இதனைப் படிக்கும் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கின்றது.

எல்லா உயிர்களும் நலம் பெறுக! அறம் வளர்க!